நம்மைப் பற்றிய பக்கம்

மாலை ஆறு மணி ஐம்பது நிமிஷத்துக்கு, விழுப்புரம் ஜங்ஷனில் சென்னைப் பக்கமிருந்து வந்த பாசஞ்சர் வண்டி நாற்பது நிமிஷம் தாமதமாக வந்து நின்றது. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பித்தளைத் தூக்கு. மூடியைச் சுற்றிக் கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. பிறகுதான் அதைப் பிடித்திருந்த கையையும், பெண்கள் பெட்டியின் படியில் நின்ற என் தங்கையையும் பார்த்தேன்.

கயிறு அவிழ்க்கப்படவில்லை என்றால் அவள் சாப்பிடவில்லை. ஸ்டேஷன் விளக்குகளை ஏற்றிவிட்டார்கள். இனி மறுநாள் காலைவரை அவள் எதுவும் சாப்பிட முடியாது. நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீடுகளில் யாரும் சாப்பிடுவதில்லை. விளக்கைத் தேடி வரும் பூச்சி தெரியாமல் சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்பது காரணம். குழந்தைக்குக்கூட விலக்கு இல்லை.

"திண்டிவனத்துலயே சாப்ட்டு ஏறியிருக்கலாமே?" என்றேன்.

"வண்டி நேரத்துக்குப் போயிடும்னு சொன்னாங்கண்ணா. வூட்ல உக்காந்து சாப்பிடலாம்னு நெனச்சேன்."

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், விடுதியிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் பிரித்துப் படித்தவன் நான்தான். நான்கு வரி. இந்த மாணவியின் உடல்நிலை விடுதி வாழ்க்கைக்கு ஏற்றதாக இல்லை, காலைப் பிரார்த்தனையில் இருமுறை மயங்கி விழுந்தாள், பெற்றோர் அழைத்துக்கொள்வது நல்லது. அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைச் செய்தியாக நான் என் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால், முக்கியமான வரி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

விடுபட்ட வரி இதுதான். திண்டிவனத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் விடுதியில் அவள் நான்கு வருஷம் இருந்தாள். மூன்றரை வருஷம் சமையற்கட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் ஐந்தரை மணிக்கே அவளுக்குத் தட்டு போட்டுக் கொடுத்தார்கள். பிறகு விடுதிக்கு வேறொரு மேற்பார்வையாளர் வந்தார். எல்லாருக்கும் ஒரே மணி, ஏழு மணி என்றார். என் தங்கை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு எல்லாருடனும் போய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அப்படி ஐந்து மாதம். வீட்டுக்கும் எழுதவில்லை.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஐந்தாவது பாரம் முடித்திருந்தாள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகவில்லை.

விழுப்புரத்தில் அந்த வயதுப் பெண்ணை அனுப்புவதற்கு எங்களவர் ஒப்புக்கொள்ளும் பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. படிப்பு அதோடு முடிந்தது என்று அம்மா டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றச் சொன்னாள். நான்தான் குறுக்கே பேசினேன். மெட்ரிகுலேஷன் தேர்வைப் பள்ளிக்குப் போகாமல் தனியாகவும் எழுதலாம். அது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், சென்னையில் ஒரு தினசரியின் அச்சகத்தில் மூன்று வருஷம் புரூஃப் திருத்தியவன் நான். சர்வகலாசாலை அறிவிப்புகளெல்லாம் என் கை வழியாகப் போனவை. பிறகு அதே தினசரிக்கு விழுப்புரம் நிருபரானேன். ரயில் விபத்து, காலரா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் விலை, திருவிழாக் கூட்டம் இவற்றை எழுதி மாலை வண்டியில் கார்டிடம் உறையைக் கொடுத்துவிடுவது என் வேலை.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. அவர் யோசிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒரு வருஷம். பாஸ் பண்ணிட்டா கடலூர்ல உங்க சித்தி வூட்டுல இருந்துக்கினு வாத்தியார் டிரெய்னிங் போ. அங்க பொழுதோட சாப்பாடு கெடைக்கும். பாஸ் பண்ணலன்னா ஆவணியில வளவனூரு."

வளவனூர் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே நெல் மிஷின் வைத்திருந்த ஒருவர் அம்மாவுக்குத் தம்பி முறை. மனைவி இறந்து ஒன்றரை வருஷம். இரண்டு பையன்கள். இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு முப்பத்தெட்டு வயது.

"சரிப்பா," என்றாள் என் தங்கை.

ஆங்கிலம், தமிழ், கணக்கு ஆகியவற்றுக்கு அவளிடம் சொந்தப் புத்தகங்கள் இருந்தன. உலக சரித்திரப் புத்தகம் மட்டும் பள்ளிக்கூடத்துடையது, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். விழுப்புரம் கடைகளில் சிலேட்டும் ஆரம்பப் பள்ளி வாசகப் புத்தகமும்தான் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை காலை வண்டியில் நான் திண்டிவனம் போனேன்.

பழைய புத்தகக் கடை ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. கடைக்காரரின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கத்தில் காம்பு இல்லை. நூலால் காதில் கட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பரீட்சைக்கா சார், படிக்கிறதுக்கா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா நான் எதுக்கு சார் ரெண்டு அலமாரி வெச்சிக்கினு பேஜார்படுறேன்?"

பிறகு இரண்டு அலமாரிகளிலிருந்தும் மூன்று புத்தகங்களை எடுத்து மேஜைமேல் போட்டார். ஒன்று சிவப்பு அட்டை, தடிமன், ஒரு வெள்ளைக்காரர் எழுதியது. முனைகள் தேய்ந்து, உள்ளே நான்கு மாணவர்களின் பெயர் எழுதி நான்கும் அடிக்கப்பட்டிருந்தது. இன்னொன்று நீல அட்டை, கல்கத்தாவில் அச்சிட்டது, அதிகம் புரட்டப்படாதது. மூன்றாவது அறுபது பக்க நோட்ஸ்.

"மூணையும் எடுத்துக்கினு போங்க. வூட்ல காட்டுங்க. வேணான்றத அடுத்த சனிக்கெழம குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு, மூலைய மடிக்காதீங்க. மடிச்ச புக்கை நாய்கூட மோந்து பாக்காது."

"இதுல எது நல்லது?"

"நான் விக்கிறவன் சார். நல்லது கெட்டது பாக்க ஆரம்பிச்சா கடைய மூட வேண்டியதுதான்."

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றையும் பார்த்தேன். ஒரு புத்தகத்தை எடை போட எனக்கு அச்சகத்தில் பழகிய முறை ஒன்று உண்டு. நடுவிலிருந்து நாற்பது பக்கம் பிழை பார்ப்பது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஐந்து விஷயங்களை அதில் தேடி ஒத்துப் பார்ப்பது. பிறகு எந்தக் காலத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணுவது. சிவப்பில் நாற்பது பக்கத்தில் ஏழு அச்சுப் பிழைகள். ஒரு உடன்படிக்கையின் வருஷம் பாடத்தில் ஒன்றாகவும் கடைசி அட்டவணையில் வேறாகவும் இருந்தது. நீலத்தில் ஒரு பிழைகூட இல்லை. நோட்ஸில் முழு வாக்கியங்களே இல்லை.

சட்டைப் பையிலிருந்த தந்தித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினேன்: பிரெஞ்சுப் புரட்சி முதல் கடைசிவரை, சிவப்பு 192 பக்கம், நீலம் 28. தேர்வுக்கான பாடத்திட்டத்தின் அச்சுத் தாளும் என்னிடம் இருந்தது. கேள்விகள் எந்தக் காலத்திலிருந்து வரும் என்று அதில் பார்த்துக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: பாதிக்கு மேல் இதிலிருந்து. தாளை நீலப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், வண்டி புறப்பட்டவுடன், மூன்று புத்தகங்களின் கடைசியிலும் இருந்த பொருளகராதியில் நம்மவர் எங்கே வருகிறார்கள் என்று பார்த்திருந்தேன். எங்கள் ஜனங்கள் அச்சிட்ட எதைக் கையில் எடுத்தாலும் முதலில் செய்வது அதுதான். பூகோளமாக இருந்தாலும் சரி, சர்க்கார் ஜனக்கணக்கு அறிக்கையாக இருந்தாலும் சரி. நாங்கள் மிகக் கொஞ்சம் பேர். சமணர்கள் தமிழ்நாட்டில் எப்போதோ ஒழிந்து போனார்கள் என்று எங்களிடமே சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டு மல்லாட்டை என்ன விலை என்று கேட்பார்கள்.

அப்பா நாலரை மணிக்கு மண்டியிலிருந்து வந்தார். கை கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். ஐந்தரைக்குச் சாப்பாடு. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்று புத்தகங்களையும் தொட்டுப் பார்த்தார். எடுத்த எடுப்பில் கேட்டார்.

"நம்மளப் பத்தி என்னா எழுதிக்கீறான்?"

"நோட்ஸ்ல ஒண்ணும் இல்லப்பா."

"வுடு. அடுத்தது."

சிவப்புப் புத்தகத்தில் ஒரே வாக்கியம். அதைத் தமிழில் சொன்னேன்: புத்த மதத்தை ஒட்டிக் கிளைத்த இப்பிரிவு தென்னாட்டில் வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டது.

"மறுபடி சொல்லு."

மறுபடியும் சொன்னேன். அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இங்க குந்திக்கினு இருக்கிறது யாரு?" என்றார்.

நீலத்தில் மூன்று பக்கம் இருந்தது. மகாவீரரின் காலம், அவருக்கு முன் வந்தவர்கள், நோன்புகள். மூன்றாம் பக்கத்தின் அடியில் இப்படி ஒரு வரி: தமிழ் நாட்டின் வட பகுதியில் இச்சமயத்தார் இன்றும் நிலம் உழுது வாழ்கின்றனர், சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கின்றனர். தண்ணீர் வடிகட்டும் துணியைக் கையில் பிடித்தபடி அம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அந்தக் கடசி வரிய இன்னொரு தபா படிடா."

படித்தேன். அம்மா உள்ளே போகவில்லை.

என் தங்கை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சிவப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். புதிதாகப் பார்ப்பவள் புரட்டுவது போல இல்லை. பக்கம் இருக்குமிடம் தெரிந்த கை.

"அப்பா, எங்க ஸ்கூல்ல இதான் வெச்சிருந்தாங்க. எல்லா ஸ்கூல்லயும் இதான். கேள்வி இதுலேர்ந்துதான் வரும்."

"உன்னப் பட்டினி போட்டு அனுப்புன ஸ்கூலு. அவங்க இத வெச்சிருக்காம வேற எத வெச்சிருப்பாங்க?"

"கேள்வி கேக்குறது ஸ்கூல் இல்லப்பா."

"நம்மள இல்லன்னு எழுதினவன் புஸ்தகத்த நம்ம வூட்ல வெச்சிப் படிக்கிறதா?"

"நாம இருக்கிறமா இல்லயான்னு பரீட்சையில கேக்க மாட்டாங்கப்பா."

"வாய் வந்திருக்கு பாரு," என்றாள் அம்மா. ஆனால் குரலில் கோபம் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பேப்பர்காரன். நீ சொல்லு. தப்பில்லாம எழுதினவன் யாரு?"

"நீலம்," என்றேன்.

கேட்டதற்குச் சரியான பதில். ஏழு பிழைக்கு எதிரே பூஜ்யம். தந்தித் தாள் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே, என் கைக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதைப் பற்றி நான் பேசவில்லை. ஐந்தரை மணி ஆகிவிட்டது, அம்மா இலை போடக் கூப்பிட்டாள், அதற்குமேல் பேச நேரமில்லை என்று பிறகு பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது மணி ஐந்து பத்து. கூடத்தில் கடிகாரம் இருந்தது, நான் பார்த்தேன். அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது அம்மா நின்ற விதத்தையும் பார்த்தேன். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சிவப்பையும் நோட்ஸையும் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "படிக்கிறதுக்கா? சொல்றதுதானே!" என்றார்.

அவள் படித்த முறை எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை கணக்கு. பதினொன்றிலிருந்து மூன்றுவரை மற்றவை. சாப்பாட்டுக்குப் பின் விளக்கு வைத்து ஆங்கிலம், அதற்கு மட்டும் நான் உடன் உட்காருவேன். புத்தகத்தில் கோடு போடமாட்டாள். ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் பக்கத்தின் அடியில் பென்சிலால் தேதி போடுவாள், பொடி எழுத்தில். மறுபடி படித்தால் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் அடுத்த தேதி. ஆவணிக்குள் நீலப் புத்தகம் முழுவதிலும் ஒரு தேதி விழுந்துவிட்டது. ஐப்பசிக்குள் இரண்டு.

கடைசி இருபத்தெட்டுப் பக்கங்கள் போதவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் வந்த பத்திரிகைகளிலிருந்து யுத்தச் செய்திகளையும் தேசப்படங்களையும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டத் தொடங்கினாள். நானும் வெட்டிக் கொடுத்தேன். எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தத் துறைமுகம் யாரிடம் இருக்கிறது என்று என்னைவிட அவள் துல்லியமாகச் சொல்வாள். இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் முன்பு நடந்ததும் அவளுக்குத் தெரியும். அன்று காலை நடந்ததும் தெரியும். இரண்டுக்கும் நடுவே தேர்வுக்கு வேண்டிய நூற்றைம்பது வருஷம் எங்கள் வீட்டில் இல்லை.

மார்கழியில் ஒரு நாள், வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, அந்த செவப்பு புக்கு இன்னும் அங்க இருக்குமா?"

"எதுக்கு?"

"சும்மா பாக்கறதுக்குதான். அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் ஒரு கூட்ஸ் வண்டி தடம் புரண்டதாக வந்த சேதியை விசாரிக்கப் போகவேண்டியிருந்தது. அது வதந்தி. பிறகு காய்ச்சலில் பத்து நாள் படுத்தேன். திண்டிவனம் போனபோது தை பாதி ஆகிவிட்டது. கடைக்காரர் அலமாரியைப் பார்க்கக்கூட இல்லை.

"செவப்பா? ஆடி மாசத்தோட போயிடுச்சு சார். யுத்தம் வந்ததுலேர்ந்து சீமையிலேர்ந்து புக்கே வர்றதில்ல. இருக்கிறவன் வுட மாட்டேன்றான். நேத்து ஒரு வாத்தியாரு வந்து என் கையப் புடிச்சிக்கினு கேக்குறாரு."

"எங்கயாவது கெடைக்குமா?"

"படிக்கிறதுக்குத்தானே எடுத்துக்கினு போனீங்க? இப்ப பரீட்சைக்கு வேணுமாக்கும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "வுடுங்க சார். வந்தா கார்டு போடறேன்."

அங்கிருந்து அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். மாணவியாக இல்லாதவர்களுக்குப் புத்தகம் இரவல் தருவதில்லை என்றார் அலுவலக அறையில் இருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வரும்போது விடுதியின் மணியைப் பார்த்தேன். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

கடைக்காரரிடமிருந்து கார்டு வரவில்லை.

தேர்வு கடலூரில். சித்தி வீட்டில் தங்கி எழுதினாள். சரித்திரத் தாள் அன்று நான் போயிருந்தேன். ஒரு மணிக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள், மொத்தம் ஐந்து பேர். அவள் கடைசியாக வந்தாள். வாசலில் வேப்பமர நிழலில் நின்று கேள்வித்தாளை என்னிடம் நீட்டினாள். பெரிய கேள்விகள் ஒன்பது. ஆறு, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தியவை. கேள்விகளின் சொற்களே எனக்குப் பழக்கமானவையாக இருந்தன. ரயிலில் நாற்பது பக்கம் பிழை பார்த்தேனே, அந்தச் சொற்கள்.

"சின்னக் குறிப்புல மகாவீரர் வந்திருந்துச்சுண்ணா," என்றாள்.

"எத்தினி மார்க்கு?"

"நாலு. மூணு பக்கம் எழுதினேன்."

"மூணு பக்கமா!"

"வேற என்னா பண்றது? பேப்பரு நெறைய மிச்சம் இருந்துச்சு." சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் வெயிலில் நடந்து சித்தி வீட்டுக்குப் போனோம்.

முடிவு வெளியான நாள் காலை ஐந்து மணிக்குச் சென்னை வண்டியில் பத்திரிகைக் கட்டு வந்தது. கட்டைப் பிரித்தவன் நானே. எண்கள் மட்டும்தான் அச்சாகும், பெயர் இராது. இந்தப் பட்டியல்களையும் நான் புரூஃப் பார்த்திருக்கிறேன். தவறிய எண்ணுக்கு இடம் விடுவதில்லை. முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவளுடைய எண்ணுக்கு முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் அப்படி ஒட்டி நின்றன. அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று இன்னொரு பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.

மதிப்பெண் தாள் இரண்டு வாரம் கழித்து வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். ஆங்கிலத்தில் நல்ல மார்க். சரித்திரம் மட்டும் போயிருந்தது. ஒன்றில் போனால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும் என்பது அப்போதைய விதி.

"இன்னும் ஒரு வருஷம் எழுதட்டும்பா," என்றேன்.

"வளவனூர்ல காத்துக்கினு இருப்பாங்களா?" என்றார் அப்பா. "ஒரு வருஷம்னு சொன்னேன், குடுத்தேன். சரியான புக்கு வாங்கிக் குடுத்தும் வரலன்னா அவ தலையெழுத்து, நான் என்னா பண்றது?"

அவர் அதை முழுதாக நம்பினார். தந்தித் தாளைப் பற்றி அப்போதாவது நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்து அவர் இறந்தார். அதுவரையிலும் சொல்லவில்லை.

அன்று மாலை சாப்பாடு முடிந்தபின் என் தங்கை பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கிய தந்தித் தாள். 192, 28. பாதிக்கு மேல் இதிலிருந்து. என் கையெழுத்து.

"எப்ப பாத்த?"

"மொத வாரமே. புக்குக்குள்ளதான் இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயும் சொல்லியிருக்கலாம்." அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். "நீயா சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். மார்கழியிலகூட கேட்டுப் பாத்தேன்."

"அப்பா அதக் கேக்கல," என்றேன்.

"ஆமா. நானுந்தான் நேரா கேக்கல," என்றாள். பாத்திரம் கழுவிய சாம்பல் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது இறங்கிவிட்டது.

ஆவணியில் கல்யாணம். காலை முகூர்த்தம். விருந்து பகலிலேயே முடிந்துவிட்டது. நீலப் புத்தகத்தை அவள் எடுத்துப் போகவில்லை. யுத்தச் செய்தி ஒட்டிய நோட்டையும் எடுத்துப் போகவில்லை.

அதற்குப் பிறகு வளவனூருக்கு நான் அடிக்கடி போனதில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போனாலும் மிஷின் சத்தத்தில் பேச முடியாது, நெல் உமி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து எட்டாம் மாதம் இறந்தது. அதற்குப் பிறகு குழந்தை இல்லை. மூத்தாளின் பையன்கள் அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டார்கள். பெரியவன் படிக்கிறான் என்று மச்சான் சொல்லியிருந்தார்.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம், கரும்பு வெட்டுக் கூலிச் சச்சரவு ஒன்றைப் பற்றி எழுத அந்தப் பக்கம் போனவன், மாலை நாலரைக்கு அவள் வீட்டில் இறங்கினேன். மச்சான் மிஷினில் இருந்தார். பெரியவன் தேறிவிட்டான், கடலூர்க் காலேஜில் சேரப் போகிறான் என்றாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு முன்நெற்றியில் நரை இருந்தது.

"குந்துண்ணா. அஞ்சரைக்குள்ள எல போட்டுடறேன். பொழுது போறதுக்குள்ள ஜல்தியா சாப்ட்டுடலாம்."

உள் அறையில் நெல் குதிருக்கு மேலே பலகை ஒன்றில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பையனுடைய பழைய பாடப் புத்தகங்கள். அவற்றில் ஒன்றின் முதுகு சிவப்பு. எடுத்தேன். அதே பதிப்புதான். ஏழு பிழைகளில் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், இருந்தது.

"அது பெரியவனோடது," என்று சமையலறையிலிருந்தே சொன்னாள். நான் என்ன எடுத்தேன் என்பதை அவள் பார்த்திருக்க முடியாது. "பரீட்ச முடிஞ்சதும் தூக்கிக் கடாசப் போனான். நான்தான் எடுத்து வெச்சேன்."

"அவன் படிக்கும்போதே நீ இதப் பாப்பியா?"

"அவன் ஸ்கூலுக்கு எடுத்துக்கினு போற நாள்ல பாக்க முடியாது."

நம்மைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம் வரும் பக்கத்தைத் திருப்பினேன். அதன் அடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு பிரெஞ்சுப் புரட்சிக்கு வந்தேன். அங்கிருந்து கடைசிப் பக்கம்வரை, நூற்றுத்தொண்ணூற்றிரண்டு பக்கங்களிலும், அடியில் பென்சிலில் பொடி எழுத்தில் தேதி போட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று தேதிகள்.